ஃபார்மட் பண்ணுவதற்கு முன்

1998இல் திருநெல்வேலிப் பக்கம் கம்ப்யூட்டர் மக்கர் பண்ணினால் கிடைக்கிற பதில் அநேகமாக ஒன்றுதான்: "ஃபார்மட் பண்ணிரலாம்." பிரிண்டர் ஓடவில்லையா, ஃபார்மட். பேஜ்மேக்கர் திறக்கவில்லையா, ஃபார்மட். ஹார்ட் டிஸ்க்கை முழுக்கத் துடைத்து விண்டோஸைப் புதிதாகப் போட்டால் மெஷின் ஓடத்தான் செய்யும். பார்த்துக் கொடுத்தவருக்குக் கூலி, வாங்கிப் போகிறவருக்கு நிம்மதி. எதெல்லாம் போயிருக்கிறது என்பது வீட்டுக்குப் போன பிறகு, ஒவ்வொன்றாக, வாரக்கணக்கில் தெரியவரும்.

டிப்ளமோ முடித்த கையோடு நான் வேலைக்குச் சேர்ந்த பாளையங்கோட்டைக் கடையில் எடுத்த எடுப்பில் அந்தச் சொல்லைச் சொல்லக் கூடாது. கடை அண்ணாச்சி விண்டோஸ் வருவதற்கு முன்பே டாஸ் மெஷின்களில் கை பழகியவர். கடையில் நீளவாக்கில் ஒரு கணக்கு நோட்டு கிடக்கும். மெஷின் வந்ததும் ஆன் செய்து, திரையில் வருகிற எரர் மெசேஜை எழுத்துக்கு எழுத்து, புள்ளிகூட விடாமல் அதில் எழுத வேண்டும். அது என் வேலை. 'ஏதோ விண்டோஸ் எரர்' என்று யாராவது எழுதியிருந்தால் அந்த மெஷினை அவர் தொட மாட்டார்.

"அது நம்மகிட்ட ஒரு பேரைச் சொல்லுது பிள்ள. அந்தப் பேரை விட்டுட்டு மத்ததை எழுதி என்னத்துக்கு?"

பேர் என்று அவர் சொன்னது ஃபைலின் பெயரை. நான்கைந்து வரி ஆங்கிலத்தில், வாடிக்கையாளர் படிக்காமல் தாண்டிவிடுகிற இடத்தில், ஒரு ஃபைல் பெயர் இருக்கும். பெரும்பாலும் அது மென்பொருளாக இருக்காது. மென்பொருளுக்கு என்ன, சிடி இருக்கிறது, மறுபடி போட்டுக்கொள்ளலாம். ஆனால் அந்த மென்பொருள் இந்த மெஷினில், இந்த ஆளுக்காக எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்பது எந்த சிடியிலும் கிடையாது. எந்த பிரிண்டர், எந்த எழுத்துரு, கணக்கு எந்த டிரைவில், அளவு அங்குலத்திலா மில்லிமீட்டரிலா என்பதெல்லாம் வேலை பார்க்கப் பார்க்க ஒரு சின்ன அமைவுக் கோப்பில் சேர்ந்துகொண்டே வருகிறது. அது காணாமல் போகும், அல்லது சிதையும். அதைத் திருப்பிக் கொடுத்தால் போதும் என்கிற இடத்தில் மொத்தத்தையும் துடைப்பது மாபெரும் அநியாயம் என்று அன்றைக்கும் நினைத்தேன். இன்றைக்கும் அப்படித்தான் நினைக்கிறேன்.

கடையின் பின்பக்கம் ஒரு பழைய 486 மெஷின் கிடந்தது. என் பாடமெல்லாம் அதில்தான். டாஸ் மெஷின் எழுந்திருக்கும்போது, நாம் எழுதி வைத்தவற்றில் முதலில் கான்ஃபிக்.சிஸ் என்ற ஃபைலைப் படிக்கும், பிறகு ஆட்டோஎக்ஸெக்.பேட். இரண்டும் வெறும் எழுத்துகள்தான், யாரும் திறந்து வாசிக்கலாம். ஒரே சமயத்தில் எத்தனை ஃபைல் திறந்திருக்கலாம், நினைவகத்தை ஆளும் ஹைமெம்.சிஸ் எந்த ஃபோல்டரில் இருக்கிறது, சிடி டிரைவுக்கு என்ன டிரைவர் என்று வரிசையாகப் போகும். அண்ணாச்சி மதியச் சாப்பாட்டுக்குக் கிளம்பும் முன் அதில் எங்கேயாவது ஒரு எழுத்தை மாற்றி வைத்துவிட்டுப் போவார். அவர் திரும்பி வருவதற்குள் நான் கண்டுபிடித்தாக வேண்டும்.

எஃப்8 விசையின் அருமை அப்போதுதான் தெரிந்தது. மெஷின் எழும் நேரத்தில் அதை அழுத்தினால் கான்ஃபிக்.சிஸ்ஸை ஒவ்வொரு வரியாகக் காட்டி, இதைச் செய்யட்டுமா வேண்டாமா என்று கேட்கும். ஆமாம், ஆமாம் என்று அழுத்திக்கொண்டே வந்தால் எந்த வரியில் தடுக்கி விழுகிறதோ அந்த வரிதான் ஆள். முழு மெஷினும் கெட்டுவிட்டது என்று பயந்து பார்க்கிற ஒன்றை இத்தனை வரிகளில் இந்த ஒரு வரி என்று சுருக்கிவிடலாம் என்பதை அந்த 486தான் எனக்குக் காட்டியது. இத்தனை வருஷத்தில் எத்தனையோ கருவிகள் வந்துவிட்டன. செய்வது என்னவோ அதையேதான்.

விண்டோஸ் 3.1 காலத்தில் இதே வேலையை வின்.ஐஎன்ஐ, சிஸ்டம்.ஐஎன்ஐ என்ற இரண்டு ஃபைல்கள் பார்த்தன. சதுர அடைப்புக்குள் ஒரு தலைப்பு. அதன் கீழ் இன்னது சமம் இன்னது என்று வரிகள். வரியின் முன்னால் ஓர் அரைப்புள்ளி வைத்தால் அந்த வரியை விண்டோஸ் கண்டுகொள்ளாது. 1995இல் விண்டோஸ் 95 வந்தபோது இந்த விவரங்களில் பெரும்பகுதி ரிஜிஸ்ட்ரி என்கிற ஒரே களஞ்சியத்துக்குள் போயிற்று. சிஸ்டம்.டாட், யூசர்.டாட் என்று இரண்டு ஃபைல்கள். அவற்றை நோட்பேடில் திறந்து வாசிக்க முடியாது. எங்களுக்கு அது பெரிய இழப்புதான். ஆனாலும் பழைய ஐஎன்ஐ ஃபைல்கள் ஒழிந்துபோகவில்லை. பல மென்பொருள்கள் அவற்றையே நம்பி இருந்தன.

நான் தனியாகப் போய்ப் பார்த்த முதல் மெஷின் வண்ணார்பேட்டையில் ஓர் அக்கா நடத்திய டிடிபி சென்டரில் இருந்தது. கல்யாணப் பத்திரிகை, கோயில் கொடை நோட்டீஸ், கண்ணீர் அஞ்சலி, பள்ளிக்கூட வினாத்தாள், எல்லாம் அவர் கைப்பட அடித்தவை. மெஷின் விண்டோஸ் 98. தினமும் காலையில் ஆன் செய்தால் கறுப்புத் திரையில் ஒரு சேதி வரும். விண்டோஸுக்குத் தேவையான ஒரு டிவைஸ் ஃபைலைக் காணோம், ரிஜிஸ்ட்ரியோ சிஸ்டம்.ஐஎன்ஐயோ அதைக் குறிப்பிடுகிறது, ஆனால் அந்த ஃபைல் இப்போது இல்லை என்று சொல்லி, அடியில் ஒரு பெயரையும் காட்டி, தொடர ஏதாவது விசையை அழுத்தச் சொல்லும். அக்கா அழுத்திவிட்டு வேலையைப் பார்ப்பார். மாதக்கணக்கில் அப்படித்தான் ஓடியிருக்கிறது. ஒரு கடைக்காரர், வைரஸ், ஃபார்மட் பண்ணித்தான் ஆக வேண்டும் என்று சொல்லிவிட்டுப் போயிருந்தார்.

"ஃபார்மட் பண்ணினா என் ஃபான்ட் எல்லாம் போயிருமேம்மா. அதுக்குத்தான் பயந்துகிட்டு அமுக்கிட்டே இருக்கேன்" என்றார்.

நான் அந்தப் பெயரை எழுதிக்கொண்டேன். அவர் கொழுந்தன் முன்பு ஒரு மோடம் மாட்டியிருக்கிறார். பிறகு மோடத்தைக் கழற்றிக்கொண்டு, அதன் ஃபோல்டரையும் கையால் அழித்துவிட்டுப் போயிருக்கிறார். ஃபைல் போய்விட்டது, அதைக் கூப்பிடுகிற வரி மட்டும் சிஸ்டம்.ஐஎன்ஐயில் அப்படியே நிற்கிறது. சிஸ்எடிட் என்று ஒரு சின்னப் புரோகிராம் விண்டோஸோடு வரும், நான்கு அமைவுக் கோப்புகளையும் சேர்த்துத் திறக்கும். அதைத் திறந்து அந்த வரியின் முன்னால் ஓர் அரைப்புள்ளி வைத்தேன். வரியை அழிக்கவில்லை. அழித்தால் நாளைக்கு வருகிறவருக்கு இங்கே என்ன இருந்தது என்று தெரியாமல் போய்விடும். மறுபடி ஆன் செய்தபோது கறுப்புத் திரை வரவில்லை. அக்கா பழக்கத்தில் விசையை அழுத்தக் கையை நீட்டி, அழுத்த ஒன்றும் இல்லாமல் என்னைத் திரும்பிப் பார்த்தார்.

ஃபான்ட் போய்விடும் என்று அவர் பயந்தது எவ்வளவு நியாயம் என்பதை இன்றைய பிள்ளைகளுக்கு விளக்க வேண்டியிருக்கிறது. அன்றைக்குத் தமிழுக்கு யூனிகோடு புழக்கத்துக்கு வரவில்லை. ஆங்கில எழுத்துகளுக்கும் குறிகளுக்கும் உரிய இடங்களில் தமிழ் வடிவங்களை உட்கார வைத்து ஒவ்வொரு ஃபான்ட் நிறுவனமும் தன் இஷ்டப்படி ஓர் ஏற்பாடு வைத்திருந்தது. ஒரு ஃபான்ட்டில் அடித்த பத்திரிகையை வேறு ஃபான்ட்டில் திறந்தால் மணமகன் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் ஆங்கில எழுத்தும் குறியும் கலந்து ஒரு குப்பை நிற்கும். 1999 பிப்ரவரியில் சென்னையில் நடந்த தமிழ்நெட் 99 மாநாடு இதற்காகவே கூடியது. தமிழ்99 விசைப்பலகையும் டாம், டாப் என்ற எழுத்துக் குறியீடுகளும் அதை ஒட்டித்தான் அரசுத் தரமாயின. ஆனால் டிடிபி சென்டர்களில் பழைய ஃபான்ட்கள்தான் நெடுங்காலம் ஓடின. வருஷக்கணக்கான வேலை அவற்றில் அல்லவா கிடந்தது.

அதே அக்காவின் மெஷினில் இன்னொரு முறை அந்த பயம் உண்மையாகவே நடந்தது. புதிய ஃபான்ட்களைச் சேர்த்துக்கொண்டிருந்த நேரத்தில் கரண்ட் போயிருக்கிறது. வந்ததும் ஸ்கேன்டிஸ்க் தானாக ஓடி எதையோ சரிசெய்தது. பேஜ்மேக்கரைத் திறந்தால் எந்தப் பத்திரிகையும் தமிழில் இல்லை. முகூர்த்த மாதம். முன்பணம் வாங்கிய வேலைகள் மேஜையில் அடுக்கி இருந்தன. அக்கா வாசல் படியில் உட்கார்ந்துவிட்டார்.

ஃபான்ட் ஃபைல்கள் அத்தனையும் டிஸ்க்கில் பத்திரமாக இருந்தன. அவற்றை விண்டோஸுக்கு அறிமுகப்படுத்துவது அடோபி டைப் மேனேஜர். எந்த ஃபான்ட் எந்த ஃபோல்டரில் என்கிற பட்டியலை அது ஏடிஎம்.ஐஎன்ஐ என்ற ஃபைலில் வைத்திருக்கும். கரண்ட் போன கணத்தில் அது எழுதப்பட்டுக்கொண்டிருந்தது. இப்போது அதன் அளவு பூஜ்யம்.

அண்ணாச்சிக்குப் போன் போட்டேன். அவர் கேட்டது ஒரே கேள்வி: "சி டிரைவ்ல சிஎச்கே ஃபைல் எதும் இருக்கா?"

யாருடையது என்று தெரியாமல் டிஸ்க்கில் அநாதையாகக் கிடக்கும் துண்டுகளை ஸ்கேன்டிஸ்க் எறிந்துவிடுவதில்லை. ஃபைல்0000.சிஎச்கே, ஃபைல்0001.சிஎச்கே என்று எண் போட்டு சி டிரைவின் முகப்பிலேயே வைத்துவிடும். இடத்தை அடைக்கிறது என்று பார்த்த மாத்திரத்தில் அழித்துவிடுவார்கள். ஒவ்வொன்றாக நோட்பேடில் திறந்தேன். ஒன்றில் படக் குப்பை. ஒன்றில் பழைய கடிதத்தின் பாதி. இன்னொன்றில், ஃபான்ட் பெயர், சமக்குறி, ஃபோல்டர் பெயர் என்று வரிசை வரிசையாக முழுப் பட்டியலும் இருந்தது. கடைசியில் இரண்டு வரி மட்டும் சிதைந்திருந்தன. அவற்றை வெட்டிவிட்டு ஏடிஎம்.ஐஎன்ஐ என்ற பெயரில் சேமித்து மெஷினை மறுபடி எழுப்பினால் பத்திரிகைகள் தமிழில் வந்தன. வாசிக்க முடிகிற எழுத்தில் அமைவுகளை எழுதிவைத்த அந்தப் பழைய முறை மேல் எனக்கு இன்றும் இருக்கிற மரியாதைக்கு அந்த மதியம்தான் காரணம். ரிஜிஸ்ட்ரியின் ஒரு துண்டு அப்படிக் கிடைத்திருந்தால் நான் அதை என்ன செய்திருக்க முடியும்?

ரிஜிஸ்ட்ரிக்கு அதற்கான காவல் வேறு விதத்தில் இருந்தது. விண்டோஸ் 98 ஒவ்வொரு நாளும் முதன்முறை ஒழுங்காக எழுந்ததும் ரிஜிஸ்ட்ரியையும் வின்.ஐஎன்ஐ, சிஸ்டம்.ஐஎன்ஐ இரண்டையும் சேர்த்து ஒரு பிரதி எடுத்து வைக்கும். அப்படி ஐந்து பிரதிகள். டாஸுக்குப் போய் ஸ்கேன்ரெஜ் என்று அடித்து ரிஸ்டோர் கேட்டால் தேதிகளைக் காட்டும், நல்ல நாளாகப் பார்த்து எடுத்துக்கொள்ளலாம். எத்தனை பேருடைய மெஷினில் இந்த ஐந்து பிரதிகளும் இருக்கும்போதே ஃபார்மட் செய்திருக்கிறார்கள் என்று நினைத்தால் இப்போதும் வயிறு எரிகிறது. இந்தக் காவலையே நிர்வகிக்க ஸ்கேன்ரெஜ்.ஐஎன்ஐ என்று ஒரு ஃபைல் உண்டு. ஏடிஎம்.ஐஎன்ஐயையும் சேர்த்துப் பிரதி எடு என்று அதில் ஒரு வரி எழுதிச் சேர்த்தார் அண்ணாச்சி. அதன் பிறகு எங்கள் கைக்கு வந்த டிடிபி மெஷின் எதுவும் அந்த வரி இல்லாமல் திரும்பிப் போகவில்லை.

பிறகு எக்ஸ்பி வந்தது. கூடவே இன்வெர்ட்டரும் வந்தது, ஆனால் கரண்ட் போகும் நேரம் அதைவிட வேகமாக வளர்ந்தது. 2008க்குப் பிறகு, அதிலும் 2012இல், சென்னைக்கு வெளியே இருந்தவர்களுக்கு அந்தக் கோடை மறக்காது. நாளில் பாதிக்கு மேல் இருட்டில் கழிந்த நாட்கள் உண்டு. யூபிஎஸ் பேட்டரி சார்ஜ் ஏறவே அவகாசம் இல்லாமல் செத்துப்போகும். மெஷின்கள் பொட்டென்று அணையும். கணினி ஓடும்போது ரிஜிஸ்ட்ரியின் மாற்றங்கள் முதலில் நினைவகத்தில்தான் சேர்கின்றன. சில விநாடிகளுக்கு ஒருமுறை டிஸ்க்குக்கு எழுதப்படுகின்றன. அந்த எழுத்து பாதியில் நின்றால் மறுபடி ஆன் செய்யும்போது, விண்டோஸ் தொடங்க முடியவில்லை, கான்ஃபிக் ஃபோல்டரில் சிஸ்டம் என்ற ஃபைலைக் காணவில்லை அல்லது அது சிதைந்துள்ளது என்று வரும். என்டிஎஃப்எஸ் டிஸ்க்கில் இன்னொரு வேடிக்கையான துயரம். ஃபோல்டர் கட்டமைப்பைக் காக்க அது குறிப்பேடு வைத்திருக்கிறது, ஃபைலுக்குள் இருக்கும் எழுத்துக்கு அந்தக் காவல் இல்லை. அதனால் ஐஎன்ஐ ஃபைல் பெயரோடும் சரியான அளவோடும் இருக்கும், திறந்தால் உள்ளே ஆதி முதல் அந்தம் வரை ஒன்றுமில்லாத பைட்டுகள். அளவைப் பார்த்து நம்பிவிட்டு மணிக்கணக்கில் வேறெங்கோ தேடுவார்கள்.

எக்ஸ்பியில் அந்த சிஸ்டம் ஃபைலை மீட்பதில் எனக்கு ஒரு தனிப் பிடிப்பே வந்துவிட்டது. சிடியிலிருந்து ரிக்கவரி கன்சோலுக்குப் போக வேண்டும். சிஸ்டம், சாஃப்ட்வேர், சாம், செக்யூரிட்டி, டிஃபால்ட் என்று வால் இல்லாத பெயர்களோடு ஐந்து ஃபைல்கள் இருக்கும். அவற்றைப் பெயர் மாற்றி ஓரமாக வைத்துவிட்டு, ரிப்பேர் என்ற ஃபோல்டரில் இருக்கும் ஐந்தையும் அந்த இடத்தில் வைத்தால் மெஷின் எழும். ஆனால் எக்ஸ்பியைப் போட்ட அன்றைக்கு எப்படி இருந்ததோ அப்படி எழும், அதன் பிறகு போட்ட எதுவும் அதற்கு நினைவிருக்காது. பலர் அத்தோடு நிறுத்திவிட்டு, அவ்வளவுதான், எல்லாவற்றையும் மறுபடி இன்ஸ்டால் பண்ணுங்கள் என்று சொல்லிவிடுவார்கள். இன்னும் ஒரு படி இருக்கிறது. சிஸ்டம் ரிஸ்டோர் அவ்வப்போது எடுத்த பிரதிகள் மறைவான ஒரு ஃபோல்டருக்குள் தேதி வாரியாகக் கிடக்கும். எழுந்த மெஷினிலிருந்து அங்கே போய், கெட்டதற்கு முந்தைய தேதியின் ஐந்து ஃபைல்களை எடுத்து, பழைய பெயர் கொடுத்து மறுபடி கன்சோல் வழியாக வைத்தால் வாடிக்கையாளர் கடைசியாக விட்ட இடம் அநேகமாக அப்படியே வந்துவிடும். கூடுதலாக ஒரு மணி நேரம். அந்த ஒரு மணி நேரத்தைக் கொடுப்பதா வேண்டாமா என்பதில்தான் இந்தத் தொழிலில் இருக்கிறவர்கள் இரண்டாகப் பிரிகிறார்கள்.

மெசேஜ் சொல்கிற பெயரே தப்பாக இருப்பதும் உண்டு. எக்ஸ்பியில் ஹால்.டிஎல்எல் காணவில்லை அல்லது சிதைந்துள்ளது என்று வரும். வேறொரு மெஷினிலிருந்து அந்த ஃபைலை எடுத்து வைத்துப் பார்த்துப் பலர் சலித்திருப்பார்கள். ஹால்.டிஎல்எல் பெரும்பாலும் அதன் இடத்தில் நன்றாகத்தான் இருக்கும். விண்டோஸ் எந்த டிஸ்க்கில், எத்தனையாவது பார்ட்டிஷனில் இருக்கிறது என்று சொல்லும் பூட்.ஐஎன்ஐதான் தப்பாகியிருக்கும். யாராவது புதிதாக ஒரு பார்ட்டிஷன் போட்டிருப்பார்கள், வரிசை எண் நகர்ந்திருக்கும். மெஷின் பக்கத்துப் பார்ட்டிஷனில் போய் விண்டோஸைத் தேடி, அங்கே முதலில் கேட்கிற ஹால்.டிஎல்எல் இல்லை என்று சொல்லும். அது பொய் சொல்லவில்லை. தான் தேடிய இடத்தில் இல்லை என்கிறது. எங்கே தேடினாய் என்று கேட்க வேண்டியது நாம்.

இதையே ஓர் அரிசி ஆலையில் வேறு உருவத்தில் பார்த்தேன். வருமான வரித் தணிக்கைக்குக் கொடுக்க வேண்டிய செப்டம்பர் மாதம். டேலியைத் திறந்தால் கம்பெனி பட்டியல் வெறுமையாக இருக்கிறது. கணக்கப்பிள்ளை ஐயா எழுபதை நெருங்கியவர். பேரேட்டிலிருந்து கம்ப்யூட்டருக்கு மாறியதே முதலாளியின் கட்டாயத்தால்தான். எனக்கு முன்னால் வந்தவர் டேட்டா எல்லாம் அழிந்துவிட்டது, ஃபார்மட் பண்ணிப் புதிதாகக் கம்பெனி உண்டாக்கி எல்லா வவுச்சரையும் மறுபடி ஏற்ற வேண்டும் என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறார். ஐயா என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை. வவுச்சர் கட்டுகளைப் பரணிலிருந்து இறக்கத் தொடங்கியிருந்தார்.

"இறக்காதீங்க ஐயா, கொஞ்சம் இருங்க" என்றேன்.

டேலியின் ஃபோல்டரில் டேலி.ஐஎன்ஐ இருந்தது. ஆனால் அதன் தேதி அன்றைய தேதி. வருஷக்கணக்காக ஓடுகிற மென்பொருளின் அமைவுக் கோப்புக்கு இன்றைய தேதி இருந்தால் பழையது போய்ப் புதிதாக ஒன்று வந்திருக்கிறது என்று அர்த்தம். முந்தின நாள் முதலாளியின் மருமகன் இடம் பிடிக்கிறது என்று சில ஃபைல்களைச் சுத்தம் செய்தது விசாரித்ததில் தெரிந்தது. புதிய ஃபைலில் டேட்டா என்ற வரி டேலியின் சொந்த ஃபோல்டரைக் காட்டியது. டி டிரைவைத் தேடினேன். எண்களையே பெயராகக் கொண்ட ஃபோல்டர்கள், வருஷத்துக்கு ஒன்றாக, கடைசியாகத் திருத்தப்பட்ட நேரம் முந்தின நாள் சாயங்காலம் என்று காட்டிக்கொண்டு அப்படியே இருந்தன. முதலில் அவற்றை ஒரு சிடியில் ஏற்றிக்கொண்டேன். பிறகு அந்த ஒரு வரியில் டி டிரைவின் பாதையை எழுதி டேலியைத் திறந்தேன். கம்பெனிகள் வரிசையாக வந்து நின்றன.

ஐயா இருப்புக் கணக்கைத் திறந்து, கைநோட்டில் குறித்து வைத்திருந்த தொகையோடு ஒப்பிட்டார். பைசா வரை சரியாக இருந்தது.

"எங்கம்மா போயிருந்தது இது?"

"எங்கயும் போகலை ஐயா. பேரேடெல்லாம் அலமாரியிலதான் இருந்துச்சு. எந்த அலமாரின்னு எழுதி வச்ச சீட்டுதான் கிழிஞ்சு போச்சு."

அவர் அந்த வரியை, ஆங்கிலத்திலேயே, எழுத்துக்கூட்டித் தன் கைநோட்டில் எழுதிக்கொண்டார். என் தொழிலில் நான் சம்பாதித்த மரியாதைகளில் அதைப் பெரிதாக வைத்திருக்கிறேன்.

எரர் மெசேஜே இல்லாமல் ஒரு புரோகிராம் திறந்த உடனே மூடிக்கொண்டால் என்ன செய்வது? அதற்கு ஒரு கண் கிடைத்தது ஒரு கம்ப்யூட்டர் பத்திரிகையோடு வந்த சிடியில். மார்க் ருசினோவிச், பிரைஸ் காக்ஸ்வெல் என்ற இருவர் எழுதிய ஃபைல்மான். அதை ஓடவிட்டால் மெஷினில் எந்தப் புரோகிராம் எந்த ஃபைலைக் கேட்கிறது, கிடைத்ததா இல்லையா என்று நொடிக்கு நொடி வரிகளாகக் கொட்டும். முதல் தடவை அந்த ஆயிரக்கணக்கான வரிகளைப் பார்த்துத் திகைத்துத்தான் போனேன். கிடைக்கவில்லை என்று வரும் வரியெல்லாம் குற்றவாளியும் அல்ல. ஒரு புரோகிராம் தன் ஃபைலை நாலு இடத்தில் தேடி ஐந்தாவதில் எடுத்துக்கொள்ளும். நன்றாக ஓடுகிற இன்னொரு மெஷினிலும் இதே பட்டியலை எடுத்துப் பக்கத்தில் வைத்து, எங்கே இரண்டும் பிரிகின்றன என்று பார்க்க வேண்டும். 2006இல் அவர்கள் இருவரின் நிறுவனத்தை மைக்ரோசாஃப்ட் வாங்கியது. ஃபைல்மானும் அதன் தோழியான ரெஜ்மானும் புராசஸ் மானிட்டர் என்று ஒன்றாயின. இன்றும் நான் அதைத்தான் கற்றுக்கொடுக்கிறேன்.

அந்தக் கண் காட்டியதில் எனக்கு மிகவும் வலித்தது ஒரு சிற்றிதழ் அலுவலகத்தில். எக்ஸ்பியில் ஃபோல்டருக்குத் தமிழிலேயே பெயர் வைக்க முடிகிறது என்ற சந்தோஷத்தில் அவர்கள் எல்லா இதழ்களையும் தமிழ்ப் பெயரிட்ட ஃபோல்டர்களுக்கு மாற்றியிருந்தார்கள். பக்க வடிவமைப்புக்கு அவர்கள் பயன்படுத்திய பழைய மென்பொருள் அன்றோடு திறக்க மறுத்தது. ஃபைல்மானில் பார்த்தால், அது தேடுகிற பாதையில் ஃபோல்டர் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் வரிசையாகக் கேள்விக்குறிகள். கடைசியாகத் திறந்த ஃபோல்டரை அந்த மென்பொருள் தன் ஐஎன்ஐயில் பழைய ஒற்றை பைட் குறியீட்டில் எழுதி வைத்திருக்கிறது. விண்டோஸில் தமிழுக்கு அந்தக் குறியீட்டில் இடமே கிடையாது; யூனிகோடில் மட்டும்தான். அதனால் தமிழ் எழுத்துகள் இருந்த இடமெல்லாம் கேள்விக்குறிகள். விண்டோஸிலோ ஃபைல் பெயரில் கேள்விக்குறி வரவே கூடாது. அந்த வரியை மாற்றியதும் மென்பொருள் திறந்துவிட்டது. ஆனால் ஃபோல்டர்களின் பெயரை ஆங்கிலத்துக்கே மாற்ற வேண்டியிருந்தது. ஆசிரியர் ஒன்றும் சொல்லாமல் மாற்றிக் கொடுத்தார். எனக்குத்தான் மனசு ஆறவில்லை.

அண்ணாச்சி கடையை மூடிவிட்டு மகளோடு கோவைக்குப் போன பிறகு, 2013இல் நான் ஒரு பாலிடெக்னிக்கில் ஆசிரியையானேன். கணினிகள் மாறிவிட்டன. பேட்டரி உள்ள லேப்டாப்பில் கரண்ட் போவது பெரிய விஷயமில்லை. ஆனால் 2024 ஜூலை 19 காலையில், சென்னையில் ஒரு ஐடி கம்பெனியில் வேலை பார்க்கும் என் பழைய மாணவன் போன் செய்தான். ஆபீஸில் ஒரு மெஷின்கூட எழவில்லை, எல்லாம் நீலத் திரை என்றான். உலகம் முழுக்க அன்றைக்கு ஏறக்குறைய 85 லட்சம் விண்டோஸ் மெஷின்கள் அப்படித்தான் கிடந்தன. ஒரு பாதுகாப்பு மென்பொருளுக்கு இணையம் வழியாக வந்த சின்ன அமைவுக் கோப்பு ஒன்று 21 தகவல்களை எதிர்பார்த்தது, அதைப் படித்த புரோகிராம் 20தான் கொடுத்தது. இல்லாத இருபத்தொன்றாவதைத் தேடி நினைவகத்தில் தன் எல்லைக்கு வெளியே கை வைத்ததும் விண்டோஸ் முழுவதும் விழுந்தது. தீர்வு வெளியானபோது அது என் 486 பாடமாக இருந்தது. ஒவ்வொரு மெஷினாகப் போய், சேஃப் மோடில் எழுப்பி, பெயரில் குறிப்பிட்ட எண் உள்ள அந்த ஒரு ஃபைலை நீக்க வேண்டும். டிஸ்க் பூட்டப்பட்டிருந்தால் 48 இலக்க மீட்புச் சாவியையும் ஒவ்வொன்றுக்கும் அடிக்க வேண்டும். அவன் அன்று இரவு முழுக்க மாடி மாடியாக அதைச் செய்திருக்கிறான்.

"மேம், எங்க லீட் எல்லாத்தையும் ரீ-இமேஜ் பண்ணிரலாம்னுதான் முதல்ல சொன்னாங்க. நான்தான் ஒரு ஃபைல் பேர் வந்திருக்கு, பொறுங்கன்னு சொன்னேன்."

இப்போது மூன்றாம் ஆண்டு புராஜெக்ட்களுக்கு நான் ஒரு நிபந்தனை வைத்திருக்கிறேன். மற்ற ஆசிரியர்களுக்கு அது பிடிவாதமாகத் தெரிகிறது. புராஜெக்ட் நன்றாக ஓடுவதைப் பார்த்த பிறகு, அதன் அமைவுக் கோப்பை நானே வேறு பெயருக்கு மாற்றிவிட்டு மறுபடி ஓட்டச் சொல்வேன். அடுத்த தடவை ஃபைலை வைத்துவிட்டு உள்ளே பாதி வரியை வெட்டிவிடுவேன். புரோகிராம் சத்தமில்லாமல் மூடிக்கொண்டாலோ, 'எதிர்பாராத பிழை' என்று மட்டும் சொன்னாலோ கையெழுத்து கிடையாது. எந்த ஃபைல், அதை எங்கே தேடியது, எந்த வரியில் தடுக்கியது, இப்போது என்ன செய்யலாம் என்று அது பயன்படுத்துகிறவருக்குச் சொல்லியாக வேண்டும். போன வருஷம் ஒரு மாணவி ரேஷன் கடை இருப்புக் கணக்குக்கு ஒரு செயலி எழுதியிருந்தாள். அமைவுக் கோப்பை நான் எடுத்ததும் திரையில் தமிழில் வந்தது: அமைவுக் கோப்பு இல்லை, தேடிய ஃபோல்டர் இது, உங்கள் இருப்புக் கணக்குக்கு ஒன்றும் ஆகவில்லை, நேற்றைய பிரதி இருக்கிறது, எடுத்துக்கொள்ளட்டுமா?

ஆமாம் என்று அழுத்தினேன். செயலி எழுந்தது. அவள் ரெக்கார்டில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன்.